பச்சை உடம்புக்கு ஓய்வு எங்கே?

குடவோலைக் கல்வெட்டால் புகழ் பெற்ற ஊர் உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட அந்த எழுத்துகளைக் காண அறிஞர்கள் வருகிறார்கள். மேடைகளில் அதைச் சொல்லிக் கைதட்டல் பெறுவோரும் உண்டு. பெருமைதான், மறுப்பாரில்லை. ஆனால், வாரியத்துக்குப் பெயர் எழுத அன்று விதித்த தகுதி என்ன? கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது! நிலமற்றவனுக்கு அங்கே இடமில்லை. அவன் மனைவியைப் பற்றிக் கேட்கவும் வேண்டுமோ?

ஆயிரம் ஆண்டுகள் உருண்டோடிவிட்டன. இன்று ஏரிப் பாசன வயலில் நாற்று நடுகிறவளுக்கும் வாக்குரிமை உண்டு. வாக்கு உண்டு, சரி; பிள்ளை பெற்றால் ஓய்வு உண்டா?

ஒரே ஊரில் மூன்று பெண்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருத்தி அரசுப் பள்ளி ஆசிரியை. 2021 முதல் மாநில அரசு ஊழியருக்குப் பன்னிரண்டு மாத மகப்பேறு விடுப்பு, சம்பளத்தோடு. இன்னொருத்தி ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைக்குப் பஸ் ஏறுகிறவள். 1961 ஆம் ஆண்டுச் சட்டம் அவளுக்குப் பன்னிரண்டு வாரம் தந்தது. 2017 திருத்தம் அதை 26 வாரமாக உயர்த்திற்று. பின்னர் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே ஏற்றது. மூன்றாமவள் நடவுக்கும் களைக்கும் போகிறவள். அவளுக்கு எத்தனை வாரம்? ஒரு நாளும் இல்லை! வேலைக்குப் போகாத நாளில் கூலி இல்லை; கூலி இல்லாத நாளில் அடுப்பு எரிவதில்லை.

ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் கூற வரவில்லை. 108 வண்டி வருகிறது. 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 1987 இல் 300 ரூபாயோடு தொடங்கிய மகப்பேறு உதவி, 2006 இல் 6,000, 2011 இல் 12,000, 2018 இல் 18,000 என வளர்ந்தது. அந்தப் பதினெட்டாயிரத்தில் ரொக்கம் 14,000; மீதி சத்துணவுப் பெட்டகங்கள். யார் ஆட்சியில் உயர்ந்தாலும் ஏழைத் தாய்க்கு நல்லதே.

ஆனால், ரூபாயின் எண்ணிக்கையைப் பார்த்தால் போதுமா? அது எத்தனை நாள் கூலி என்று பார்க்க வேண்டாமா? 2011 இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நாள் கூலி 119 ரூபாய். 12,000 என்பது அன்று ஏறத்தாழ நூறு நாள் கூலி. 2018-19 இல் கூலி 224. 18,000 என்பது எண்பது நாள் கூலி. 2025-26க்கு அறிவித்த கூலி 336. அதே 18,000, 54 நாள் கூலிக்கும் எட்டவில்லை! தொகை ஏறியது, ஓய்வு நாள் இறங்கியது. தொழிற்சாலைப் பெண்ணுக்குரிய 26 வாரத்தை இந்தக் கூலியில் கணக்கிட்டால் 61,152 ரூபாய் ஆகிறது. மூன்றில் ஒரு பங்குகூட அவளுக்கு வந்து சேரவில்லை.

டில்லியின் கணக்கோ இன்னும் விந்தை. கர்ப்பிணிக்கு 6,000 ரூபாய்க்குக் குறையாமல் தரவேண்டும் என்பது 2013 ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம். 2017 இல் வந்த பிரதமர் பெயரிலான திட்டமோ, முதல் குழந்தைக்கு 5,000 என்றது. 2022 இல் இரண்டாவது குழந்தைக்கும் 6,000 என்றார்கள்; அதுவும் பெண்ணாகப் பிறந்தால்தான்! பிறந்தது ஆணாயிருந்தால் தாய்க்குப் பத்தியச் சோறு வேண்டாமா?

"கிராமத்தில் குழந்தை வளர்க்கச் செலவென்ன? பழைய புடவையில் தூளி கட்டினால் தூங்கிவிடாதா?" என்று கேட்போர் உண்டு. தூளிக்குப் புடவை போதும், அய்யா. ஆட்டுவதற்கு ஆள் வேண்டுமே! ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடு என்று சுகாதார நிலையச் சுவரில் எழுதியிருக்கிறது. தாய் சேற்றிலே, பிள்ளை வீட்டிலே என்றால் பால் கொடுப்பது எப்படி? பச்சை உடம்புக்காரி குனிந்து நாற்று நடுவது அவள் ஆசைக்கா?

ஆகவே நாம் கேட்பது மூன்று. மகப்பேறு உதவியை நாள் கூலியோடு இணைத்து, கூலி உயரும்போதெல்லாம் தானே உயரச் செய்க. முதற்படியாக, 26 வாரத்தில் பாதிக்காவது முழுக் கூலி கிடைக்கட்டும். வேலையிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேர் இருந்தால் பார்த்துக்கொள்ள ஒருத்தியை அமர்த்த வேண்டும் என்று 2005 ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டம் கூறிற்றே, அந்த ஏற்பாட்டை அங்கன்வாடியிலும் கைக்குழந்தைகளுக்கு விரித்திடுக.

வளைகாப்புக்கு வாழ்த்து பெற்றவள் அவள். வாக்குக் கேட்டு வருவோர் வாசலில் நின்று வணங்குவதும் அவளைத்தான். அடுத்த முறை வருகிறவர்களிடம் உத்திரமேரூர்ப் பெண்கள் கேட்கட்டும்: "எங்களுக்கு எத்தனை வாரம்?"