தோழியில்லாக் காதல்

பெண்களின் சிநேகத்தைப் பொருளாகக் கொண்ட காதல் நவீனம் என்னும் அறிவிப்போடு, சேலத்தைக் களமாக வைத்து எழுதப்பட்ட புத்தகமொன்று மதிப்புரைக்காக நமக்கு வந்தபோது, அம்மாப்பேட்டைத் தறிகளும் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளும் ஒரு கதையில் இடம்பெற்றுவிட்டனவே என்ற ஆவலோடுதான் அதை வாசிக்கத் தொடங்கினோம். ஏமாற்றமே மிஞ்சியது. ஆசிரியையின் பெயரைச் சொல்லி அவரை மட்டும் குற்றவாளியாக்க நமக்கு விருப்பமில்லை. மாத நாவல்கள் பெருகிய காலந்தொட்டு நம் காதல் கதைகள் பலவற்றுக்குப் பழகிப்போன குறைதான் இது.

கதையின் தோழியர் இருவரில் ஒருத்தி ராட்டையில் தார் சுற்றுகிறாள். மற்றவளான நாயகி கொலுசு வளையங்களைக் கோத்துப் பற்றவைக்கிறாள். நூற்பாலை அதிபரின் மகன் நான்காம் அத்தியாயத்தில் வந்து இறங்கியதும், தார் சுற்றுகிறவள் செய்தி கொண்டுபோகும் ஆளாகத் தேய்ந்து, கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிப்பதோடு கதையிலிருந்து விடைபெற்றுக்கொள்கிறாள். அவளுக்கென்று ஒரு கோபமோ பொறாமையோ சொந்தக் கவலையோ கிடையாது.

தோழியைத் தேய்த்ததனால் காதலும் பிழைக்கவில்லை என்பதுதான் நம் மனத்தாங்கல். செவிலியின் மகளென்று தொல்காப்பியம் அடையாளம் காட்டும் தோழி, அகப்பாட்டுகளில் இரவில் வருகிறவனிடம் வழியின் ஆபத்தைச் சொல்லி மணத்துக்கு நெருக்குகிறாள், காலந்தாழ்த்தினால் கடிந்துகொள்கிறாள், வீட்டார் வேறிடத்தில் சம்பந்தம் பேசினால் செவிலியிடம் உண்மையை எடுத்துரைத்து அறத்தொடு நிற்கிறாள். தலைவியின் நெஞ்சில் நிகழ்வது இன்னொரு பெண்ணின் காதில் விழுந்து, அவளால் சோதிக்கப்பட்டு, சில சமயம் மறுக்கவும்பட்ட பிறகே பாட்டாகிறது. மணிமேகலையைப் பளிக்கறைக்குள் மறைத்துவிட்டு உதயகுமாரனின் எதிரில் நின்று பேசுகிறவள் சுதமதி. கண்ணகி தெய்வமான பின்னர், அவள் கோயிலின் நித்திய வழிபாட்டைச் செங்குட்டுவன் ஒப்படைப்பது அவளுடைய தோழி தேவந்தியிடம். இத்தகைய பரம்பரை உடைய பாஷையில், சொல்லிக்கொள்ள ஒருத்தியில்லாத நாயகி கண்ணாடியின் முன் நின்று தனக்குத்தானே பெருமூச்செறிவதைப் பக்கம் பக்கமாக வாசிக்க நேர்வது மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

வாழ்க்கையில் இத்தகைய தோழமைக்குப் பஞ்சமுமில்லை. 1965 வரையில் சேலம் ஜில்லாவில் அடங்கியிருந்த தருமபுரியில் 1989-ல் தொடங்கிப் பின்னர் நம் ஊர்களிலும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்களில், ஒருத்தியின் தவணைக்கு மற்றவர்கள் பொறுப்பேற்கிறார்கள்; குமாரபாளையத்து விசைத்தறிக் கூடங்களிலும் ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளிலும் பக்கத்தில் வேலை செய்கிறவளுக்குத் தெரியாத குடும்ப இரகசியம் இல்லை. சண்டையும் கைமாற்றும் மனஸ்தாபமும் சமாதானமும் நிரம்பிய இந்தச் சிநேகம், காதலுக்குச் சற்றும் குறையாத நாடகம்.

ஆசிரியை இதை அறியாதவருமல்லர். நடுவில் ஒரே ஒரு பக்கம். வாங்கிச் சென்ற வெள்ளியும் திருப்பிக் கொடுத்த கொலுசும் பட்டறைத் தராசில் ஒத்துவராமல், சேதாரத்துக்கு அனுமதித்த அளவுக்கு மேல் எடை குறைந்து, கூலியில் பிடித்தம் என்று முதலாளி சொல்லும்போது, கூட வந்த தோழி அன்றைக்கு வாங்கிய தார்க்கூலியை மறுபேச்சில்லாமல் எடுத்து வைக்கிறாள். திரும்பும் வழியில் இருவரும் ஒருவரையொருவர் ஏசிக்கொள்கிறார்கள்: "உன்னை யாருடி கேட்டது?" என்கிறாள் உதவி பெற்றவள். அந்த ஏச்சில் உள்ள மானமும் வாஞ்சையும் புத்தகத்தின் மற்ற பக்கங்கள் எதிலும் இல்லை. ஆனால் அடுத்த வரியிலேயே நாயகனின் கார் வந்து நிற்கிறது. அந்தப் பணம் திருப்பித் தரப்பட்டதா, தந்தபோது அவள் வாங்கிக்கொண்டாளா என்பதைக் கதை மறந்தே போகிறது. அப்பக்கத்தை எழுதத் தெரிந்தவர் மிச்சத்தையும் எழுத வல்லவர். தம் அடுத்த நவீனத்தை அவர் அந்தத் தெருவிலிருந்து, அந்தச் சண்டையிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமென்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறோம்.