மருந்துக்கு முன்னால் இலையைத் திருப்புங்கள்

நிலக்கோட்டைப் பக்கம் கார்த்திகைப் பனி இறங்கிவிட்டால் செவ்வந்தி போட்டவர்களிடம் ஒரே கேள்விதான்: "இலையெல்லாம் வெள்ளையா இருக்கு, என்ன அடிக்கலாம்?" அடிப்பதைப் பற்றி முதலில் பேசுவதே தவறு என்பது, ஆண்டாண்டாகச் செவ்வந்தி வைத்துவரும் என் கருத்து.

பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒரு மருந்து டப்பாவோடு வந்தாள். "அக்கா, கடையில இதத்தான் குடுத்தாங்க. அடிச்சும் வெள்ளை போகலக்கா." டப்பாவில் இருந்தது பூச்சிக்கொல்லி; செடியில் இருந்தது பூஞ்சாணம். பூச்சியைக் கொல்லும் அந்த மருந்து பூஞ்சாணத்தை என்ன செய்யும்? கடைக்காரர் செடியைப் பார்க்கவே இல்லை.

செவ்வந்தியில் வெள்ளை தெரிய முக்கியமாக நான்கு காரணங்கள் உண்டு. இலை மேல் விபூதி தூவியதுபோல் படிந்து, விரலால் துடைத்தால் போய், சில நாளில் திரும்பவும் வந்தால் அது சாம்பல் நோய். இலை நனையாவிட்டாலும் இது பரவும்; நெருக்கமும் நிழலும் இரவின் ஈரக்காற்றும் போதும். அடியிலைகளைக் கிள்ளிக் காற்றோட்டம் கொடுத்து, நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து வெயில் தணிந்த பிறகு தெளிக்கலாம். உச்சிவெயிலில் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் தெளித்திருந்தால் இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும்.

இலைக்கணுவில் பஞ்சுபோல் திரண்டு, நசுக்கினால் பிசுபிசுத்து, தண்டில் எறும்பும் ஏறினால் அது மாவுப்பூச்சி. அதன் மெழுகுப் போர்வை மருந்தை உள்ளே விடாது. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்துவிட்டு, சோப்புக் கரைசலில் கலந்த வேப்பெண்ணெயைக் கணு நனையத் தெளிக்க வேண்டும். எறும்பையும் தடுக்க வேண்டும்.

பழைய இலையில் மட்டும், தண்ணீர்ச் சொட்டு காய்ந்த இடத்தில் வட்டமாக வெள்ளை இருந்தால் அது போர்த் தண்ணீரின் உப்பு. வினிகர் ஒரு சொட்டு விட்டால் கரையும். இதற்கு மருந்தே வேண்டாம். தண்ணீரை வேருக்கு விட்டால் போதும்.

நான்காவதுதான் ஆபத்து. இலையின் மேல்பக்கம் வெளிறிய மஞ்சள் புள்ளி. திருப்பினால் அதே இடத்தில் துடைத்தாலும் போகாத வெளுத்த கொப்புளம். இது வெள்ளைத் துரு. 1895-ல் ஜப்பானில் கண்டறியப்பட்டு, கன்றுகளோடு நாடு நாடாகப் பரவிய நோய். குளிரும் ஈரமும் இதற்குப் பிடிக்கும். செடியைப் பையில் கட்டி அப்புறப்படுத்திவிட்டு, உடனே தோட்டக்கலை அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

இன்னதென்று சரியாக அடையாளம் கண்டால் என்ன நடக்கும் என்பதைத் தமிழகம் பார்த்திருக்கிறது. 2008-ல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளியையும் மல்பெரியையும் அழித்தபோது மருந்தால் அதை அடக்க முடியவில்லை. அது எந்தப் பூச்சி என்று தெரிந்த பிறகு, அதற்கே உரிய ஒட்டுண்ணிக் குளவியை 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து வளர்த்து வயல்களில் விட்டார்கள். பூச்சி அடங்கியது.

தவறான மருந்தால் காசு மட்டும் போவதில்லை. விடியுமுன் பூப்பறிக்கும் பெண்களின் விரலில் அது ஒட்டுகிறது. மாலையாகி நம் வீட்டுக்குள் வருகிறது. விற்கிறவரே வைத்தியராகவும் இருக்கும் நிலை மாற வேண்டும். பூச்சந்தை கூடும் இடங்களில் வாரம் ஒரு காலையாவது தோட்டக்கலை அலுவலர் ஒருவர் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு உட்கார்ந்து, விவசாயிகள் கொண்டுவரும் இலையைப் பார்த்துச் சொல்ல அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். கடைக்குப் போகுமுன் இலையைத் துடைத்துப் பாருங்கள், திருப்பிப் பாருங்கள், கணுவைப் பிரித்துப் பாருங்கள். நோய் இன்னதென்று தெரியாமல் ஒரு டேங்க் மருந்துகூடக் கலக்காதீர்கள்.