நரைத்த தேக்கை நரைத்தபடியே விடுங்கள்



நம் பழைய மாணவன் ஒருவன் இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பக்கம் இருக்கிறான். 26 அடி நீளமுள்ள பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, படங்கள் அனுப்பியிருந்தான். 1970-களில் கட்டிய படகு. உடம்பு கண்ணாடியிழை, மேல்தளத்தில் மட்டும் தேக்குப் பலகை ஒட்டித் திருகியிருக்கிறது. பலகை முழுக்க வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறமாகக் கிடக்கிறது. "சார், சாண்டிங் மெஷின் வாடகைக்குச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் தேய்த்து வார்னிஷ் அடித்தால் புதுசாகிவிடும்" என்கிறான். குடும்பக் குழுவில் இதைச் சொன்னேன். எங்கள் மைத்துனர் உட்பட நாலு பேர் "வீட்டு வாசல் கதவுக்கு நாங்களும் அப்படித்தான் செய்தோம், பளபளவென்று இருக்கிறது" என்றார்கள்.

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த மெஷின் தளத்தில் ஏறவே கூடாது.

என் அப்பா தூத்துக்குடியில் தோணி கட்டிய ஓடாவி என்பது உங்களில் பலருக்குத் தெரியும். நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போகாமல் இருந்திருந்தால் உளியும் கையுமாகத்தான் இருந்திருப்பேன். அந்த உரிமையில் பேசுகிறேன்.

முதலில் அந்த நரை என்னவென்று பார்ப்போம். மரத்தின் நார்களைப் பிடித்து வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளை வெயிலின் புற ஊதாக் கதிர் சிதைக்கிறது. மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது. மிச்சமிருக்கும் வெளிறிய நார்தான் நம் கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிகிறது. அதன் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அடியில் தேக்கு தன் எண்ணெயோடு அப்படியே இருக்கிறது. நரை வேறு, உளுப்பு வேறு.

தேக்கின் உரம் எப்படிப்பட்டது என்பதற்கு அவன் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. மலபார் தேக்கில் வாடியா குடும்பத்தார் பம்பாயில் கட்டி 1817-ல் இறக்கிய 'டிரின்கோமலி' போர்க்கப்பல் இன்றும் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. நம் திருகோணமலையின் பெயர்தான்! ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது மெஷின் என்ன செய்யும் என்பதற்கு வருகிறேன். இவ்வகைப் படகில் பலகையைத் திருகாணி போட்டு இறுக்கி, அதன் தலைக்கு மேல் சின்னத் தேக்குத் துண்டு வைத்து அடைத்திருப்பார்கள். அந்த அடைப்பின் கனம் சில மில்லிமீட்டர்தான். ஐம்பது வருஷத்தில் முந்தைய சொந்தக்காரர்கள் எத்தனை முறை தேய்த்தார்களோ! இன்னொரு முறை தேய்த்தால் அடைப்பு பெயர்ந்து திருகாணித் தலை வெளியே வரும். அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கும். கண்ணாடியிழை அடுக்குகளுக்கு நடுவே பால்சா மரமோ பிளைவுட்டோ வைத்திருந்தால் அது ஊறி அழுகும். மேலே நின்றால் மெத்தை மாதிரி அமுங்கும். அதைச் சரிசெய்ய ஆகும் செலவு படகின் விலையையே தாண்டிவிடக்கூடும். தம்பி, இரண்டு பிள்ளைகளின் படிப்புச் செலவு இருக்கிறவன் நீ.

வார்னிஷ் யோசனைக்கும் இதே பதில்தான். வாசல் கதவு தாழ்வாரத்து நிழலில் நிற்கிறது, அதன்மேல் யாரும் நடப்பதில்லை. படகின் தளமோ திறந்த வெயிலில் கிடந்து உப்புத் தண்ணீர் வாங்குகிறது. வார்னிஷ் அங்கே வெடித்து உரியும். அதைவிட மோசம், நனைந்தால் வழுக்கும். படகு சாய்ந்து ஓடும்போது கால் வழுக்கினால் ஆள் கடலில்தான். வார்னிஷ் ஆசை இருந்தால் சுக்கான் பிடிக்கும் கைப்பிடிக்கு அடித்துக்கொள்ளட்டும். ஆளிவிதை எண்ணெயும் வேண்டாம், பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும். அமிலம் கலந்த கிளீனர்கள் ஒரே நாளில் தங்க நிறம் காட்டும்தான். ஆனால் மரத்தின் மென்மையான பகுதியைக் கரைத்துத்தான் காட்டுகின்றன.

விற்கும்போது விலை போகாது என்கிறான். படகு தெரிந்தவன் பலகையின் நிறத்தையா பார்ப்பான்? கனத்தையும் இணைப்பையும்தான் பார்ப்பான்.

அவன் உண்மையில் கை வைக்க வேண்டிய இடம் இணைப்புகள். மூன்றாவது படத்தில் பலகைகளுக்கு நடுவே இருக்கும் கறுப்பு ரப்பர் ஓரம் விட்டிருப்பது எனக்கே தெரிகிறது. எங்கள் அப்பா காலத்தில் இதைக் கலப்பற்று என்போம். பஞ்சுத் திரியை உளி வைத்துச் சந்துக்குள் அடித்து இறக்கி, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவார்கள். அவன் படகுக்கு வேறு முறை. பழைய ரப்பரைக் கீறி எடுத்து, தேக்கின் எண்ணெய்ப் பசை போக அசிட்டோனால் துடைத்து, சந்தின் அடியில் ஒட்டாத டேப் ஒன்றைப் போட்டுவிட்டுப் புது ரப்பரை நிரப்ப வேண்டும். டேப் எதற்கு? ரப்பர் இரண்டு பக்கம் மட்டும் பிடித்தால் மரம் சுருங்கி விரியும்போது கூடவே இழுபடும். அடியிலும் பிடித்தால் கிழியும். காய்ந்தபின் மேலே பிதுங்கியதைக் கூரான உளியால் சீவி எடுத்தால் போதும்.

அதன்பிறகு பராமரிப்பு என்பது ஒரு வாளி கடல் தண்ணீரும் மெல்லிய தூரிகையும்தான். மரத்தின் ரேகைக்குக் குறுக்கே தேய்க்க வேண்டும். நெடுக்கே தேய்த்தால் மென்மையான நார் பெயர்ந்து பலகை வரிவரியாகப் பள்ளம் விழும். பிரஷர் வாஷர் வைத்துக் கழுவினாலும் அதே கதிதான்.

தம்பி, மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு திருகாணி அடைப்பின் கனத்தை அளந்து எனக்கு அனுப்பு. அங்கே மழை தொடங்குமுன் இணைப்பு வேலையை முடித்துவிடு.