கூடுதல் பட்டை சிக்கனமா?

சங்கரன்கோவில் விசைத்தறிகளுக்கு நூல் ஏற்றும் பிக்அப் ஆனாலும், புளியங்குடி எலுமிச்சையைச் சந்தைக்குக் கொண்டுபோகும் டாடா ஏஸ் ஆனாலும், பின்பக்கம் அமுங்கி நின்றால் முதலில் காதில் விழும் யோசனை ஒன்றுதான்: "இன்னொரு பட்டை சேர்த்துப் போடுங்க, குறைஞ்ச செலவுல முடிஞ்சிடும்." வில் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) ஒன்றைச் சேர்த்த அன்றே வண்டி நிமிர்ந்து நிற்கும் என்பது உண்மை. அதனால்தான் இந்த யோசனை இத்தனை காலம் நிலைத்திருக்கிறது. ஆனால் வண்டி ஏன் அமுங்கியது என்ற கேள்வியை அது கேட்பதே இல்லை. மெயின் பட்டை தளர்ந்திருக்கலாம், நடுவில் ஒரு பட்டை முறிந்திருக்கலாம், ஷாக்கிள் புஷ் தேய்ந்திருக்கலாம், சென்டர் போல்ட் அறுந்து ஆக்சிலே சற்று நகர்ந்திருக்கலாம். இவற்றில் எதற்கும் கூடுதல் பட்டை மருந்தாகாது. பழுது உள்ளேயே இருக்க, உயரம் மட்டும் கூடும்.

ஐந்து பட்டைக் கட்டில் அதே அளவில் ஆறாவதைச் சேர்த்தால் விறைப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடும். லாரியிலிருந்து கழற்றிய கனத்த பட்டையைப் போடுவது இன்னும் மோசம். விறைப்பு கனத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால், 8 மி.மீ. பட்டை இருந்த இடத்தில் 10 மி.மீ. வந்தால் அந்த ஒரு பட்டையின் விறைப்பு கிட்டத்தட்ட இரு மடங்காகும். ஒரே அளவு வளையும்போது கனத்த பட்டைதான் அதிகத் தகைவைத் தாங்குகிறது, ஆகவே அதுவே முதலில் முறிவதும் வியப்பில்லை. வெறும் வண்டி ஓடும்போது அந்த விறைப்பெல்லாம் குலுக்கலாக மாறி ஹேங்கரிலும் சேஸிஸிலும் போய் விழுகிறது. எனக்கு இதைவிடக் கவலை தருவது பிரேக். சேஸிஸுக்கும் ஆக்சிலுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்துப் பின் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு பல பிக்அப்களில் உண்டு. பட்டை விறைத்துவிட்டால் முழுச் சுமையிலும் அந்த இடைவெளி போதிய அளவு குறையாது, வால்வு வண்டியில் சுமை குறைவு என்றே கொள்ளும், பின் பிரேக்குக்குப் போக வேண்டிய அழுத்தம் போகாது. பட்டையில் மிச்சம் பிடித்த பணத்தை இந்த ஆபத்தோடு சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

"புதுப் பட்டை வேண்டாம், பழையதையே உலையில் காய்ச்சித் தட்டி வளைத்தால் போதும்" என்பது அடுத்த வாதம். வில் எஃகு தொழிற்சாலையில் சுமார் 850 டிகிரிக்கு மேல் சூடாக்கப்பட்டு, எண்ணெயில் குளிர்விக்கப்பட்டு, மறுபடி 400 முதல் 500 டிகிரி அளவில் பதப்படுத்தப்படுகிறது. உலையில் சிவக்கக் காய்ச்சியதுமே அந்தப் பதம் போய்விடும். அதை மீட்கும் வசதி இருக்கும் பட்டறை செய்தால் குறையில்லை. காய்ச்சித் தட்டி, காற்றில் ஆறவிட்டுத் தந்தால் சில லோடுகளிலேயே பட்டை பழையபடி படுத்துவிடும். காய்ச்சாமல் அழுத்தி வளைத்துத் தரும் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். முறியாமல் தளர்ந்து மட்டும் போன பட்டைக்கு அது கொஞ்ச காலம் உதவும். முறிந்ததை வெல்டிங் வைத்து ஒட்டுவதை மட்டும் எந்தக் காரணம் சொன்னாலும் ஏற்க முடியாது.

"லோடு கூடுதலாக அடித்தால்தான் வாடகை கட்டுப்படியாகிறது, அதற்குத்தானே பட்டை?" என்று கேட்பவர்களின் நெருக்கடி பொய்யல்ல. ஆனால் பட்டை சேர்ப்பதால் ஆர்.சி.யில் உள்ள எடை மாறாது. டயர், ஆக்சில், பிரேக் எதுவும் பலப்படாது. 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவில் அதிகச் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. ஒருமுறை பிடிபட்டாலே பல லோடுகளின் கூடுதல் வாடகை கரைந்துவிடும்.

அப்படியானால் முழு செட்டையும் மாற்றத்தான் வேண்டுமா என்றால், பெரும்பாலும் வேண்டாம். சமதளத்தில் வெறும் வண்டியை நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து பாடியின் விளிம்புவரை இருபுறமும் அளந்தால் எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு பட்டை முறிந்திருந்தால் அதே நீளம், அகலம், கனத்தில் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். முழுக் கட்டே தளர்ந்திருந்தால்தான் இரு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். புஷ் தேய்ந்திருந்தால் புஷ் போதும். பட்டை நடுவில், சென்டர் போல்ட் துளையருகே முறிந்திருந்தால் யூ-போல்ட் தளர்ந்து கிடந்ததா என்பதையே முதலில் சந்தேகிக்க வேண்டும். இழுபட்ட பழைய யூ-போல்ட்டையே திரும்பப் போட்டால் புதுப் பட்டையும் அதே இடத்தில் முறியும். புது யூ-போல்ட்டை நிறுவனம் சொன்ன முறுக்கில் இறுக்கி, சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும். அப்படி மறுபடி இறுக்க ஆகும் செலவு கூலி மட்டுமே.