தேரி, தரிசு அல்ல!



குமரி மாவட்டத்தில் உள்ள கீரிப்பாறைக்குப் போயிருக்கிறீர்களா? காளிகேசம் போகும் வழியில் இருக்கும் மலையடிவார ஊர் அது. எங்கு பார்த்தாலும் ரப்பர் மரங்கள், ஓடைகள். ஜூன் பிறந்துவிட்டால், குடை இல்லாமல் வெளியே போக முடியாது. அரபிக்கடலில் இருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, மழையாகக் கொட்டிவிடுகிறது.

மழையை இறக்கி வைத்த காற்று, அப்புறம் எங்கே போகிறது?

ஆரல்வாய்மொழி கணவாய்க்குள் புகுந்து, கிழக்கே ஓடுகிறது. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுவது இந்தக் காற்றுதான். ஈரம் இழந்த இந்த வறண்ட காற்று, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் கடலோரப் பகுதியில் ஒரு பெரிய வேலையைச் செய்திருக்கிறது. பல ஆயிரம் ஆண்டுகளாக மணலை வாரி வாரிக் குவித்து, குன்றுகளாக ஆக்கிவிட்டது. இந்தச் செம்மணல் குன்றுகளுக்குத்தான், 'தேரி' என்று பெயர். குதிரைமொழி, சாயர்புரம், இடையன்குடி பக்கம் போனால் பார்க்கலாம்.

தேரியை முதல் தடவை பார்ப்பவர்கள், 'எதற்கும் உதவாத தரிசு நிலம்' என்று சொல்லிவிடுகிறார்கள். அது சரிதானா? பார்ப்போம்.

முதலில் அதன் நிறம். மழையில் கிடந்த இரும்பு ஆணி துருப்பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தேரி மணலிலும் இரும்புச்சத்து உள்ள கனிமத் துகள்கள் கலந்திருக்கின்றன. நீரும், காற்றும் பட்டுப் பட்டு அவை சிதைந்து, வெள்ளை மணலின் மேல் துருவைப் பூசிவிட்டன. ஒரு மெல்லிய செம்போர்வை! கடற்கரைக்குப் போகும்போது, ஒரு காந்தத்தை மணலில் துழாவிப் பாருங்கள். கருப்புத் துகள்கள் ஒட்டினால், அவை இரும்பு கலந்த கனிமங்கள். மலைப்பாறைகள் தேய்ந்து, ஆறுகள் வழியே கடலுக்கு வந்தவை.

இன்னொரு செய்தி. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், இன்று இருப்பதைவிட அதிக நீர் நிலத்தின் மேல் பனிக்கட்டியாக உறைந்து கிடந்தது. அப்போது கடல் மட்டம், இன்று இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. இன்று மீன்கள் நீந்தும் இடம் அன்று தரை! காற்று விளையாட எவ்வளவு மணல் கிடைத்திருக்கும், எண்ணிப் பாருங்கள்.

இந்தத் தேரியில் மனிதர்களும் வாழ்ந்திருக்கிறார்கள். இரும்பையே அறியாத வேட்டைக்காரர்கள். கல்லைச் சீவி, விரல் நுனி அளவே உள்ள கூரிய கருவிகளைச் செய்து, அம்பிலும், குச்சியிலும் பொருத்திக்கொண்டார்கள். அந்த நுண்கருவிகள் தேரி மணலில் கிடைத்தன. சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம் முதலிய இடங்களில் கிடைத்தவற்றைப் பற்றி, சாய்னர், பிரிட்ஜெட் ஆல்சின் என்ற இரு அறிஞர்கள் 1956-ல் விரிவாக எழுதினார்கள். எழுத்து இல்லாத காலத்துக்கு, இந்த மணல்தான் புத்தகம்.

தேரிக்குத் தண்ணீரைச் சேமிக்கவும் தெரியும். பெய்யும் மழை ஓடிப்போகாமல் மணலுக்குள் இறங்கிவிடும். மேலப்புதுக்குடியில் உள்ள அருஞ்சுனை காத்த அய்யனார் கோவில், பெயரிலேயே சுனையை வைத்திருக்கிறது. சுற்றிலும் செம்மணல், நடுவே சுனை நீர்!

ஆனால், காற்றடிக் காலத்தில் மணல் நகர்ந்து வந்து, வயலை மூடிவிடுமே... அதற்கு நம் முன்னோர் கண்ட வழி, பனை. வறட்சியைத் தாங்கி நின்று, பதநீர், நுங்கு, கிழங்கு, ஓலை என்று எல்லாமே கொடுத்தது. பனையேறிகள் உயிரைப் பணயம் வைத்து ஏறி இறக்கிய பதநீர்தான், உடன்குடி கருப்பட்டிக்குப் பேர் வாங்கித் தந்தது. பின்னர் வனத்துறையும் முந்திரி, உடை போன்ற மரங்களை நட்டு, மணலைப் பிடித்து நிறுத்தியது.

இவ்வளவு செய்த நிலத்தையா தரிசு என்பது?

அப்படிச் சொல்வதில் ஓர் ஆபத்து இருக்கிறது. தரிசு என்று பெயர் வைத்துவிட்டால், கேட்பதற்கு ஆள் இல்லை என்று எண்ணி, லாரியில் மண் அள்ளுவார்கள். செங்கல் சூளைக்குப் பனையை வெட்டுவார்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று, 2021-ல் தமிழக அரசு அறிவித்தது. நல்ல செய்தி. ஆனால், சட்டம் மட்டும் காவல் காக்காது. ஊர்க்காரர்களின் மனதும் காக்க வேண்டும். ஒரு பனை நன்கு வளர்ந்து பதநீர் தர, பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். தேரி உருவாக எத்தனை ஆயிரம் ஆண்டுகள்! அள்ளிப்போக ஒரு வாரம் போதும்.

நீங்கள் என்ன செய்யலாம்? தேரிக்குப் போனால், பாலித்தீன் பையைப் போட்டுவிட்டு வராதீர்கள். கூரிய கல் கிடைத்தால், சட்டைப் பையில் போடாமல், கிடந்த இடத்தை ஆசிரியருக்குக் காட்டுங்கள். இடம் தெரியாவிட்டால், அது வெறும் கல்தான். ஆவணி, புரட்டாசியில் பழுத்து விழும் பனம்பழத்தின் கொட்டைகளைச் சேகரித்து, பெரியவர்களிடம் கேட்டு, மழைக்கு முன் ஊன்றுங்கள்.

கடலோரம் இருந்தாலும், கீரிப்பாறை போல மலையோரம் இருந்தாலும், உங்கள் ஊரிலும், 'சும்மா கிடக்கும் நிலம்' என்று ஒன்று இருக்கும். அது உண்மையிலேயே சும்மாதான் கிடக்கிறதா? தாத்தா, பாட்டியிடம் இன்றே கேட்டுப் பாருங்களேன்!