விடுமுறையும் வேலையும்: பயணப் பை கட்டும் முன்

கரையோர ரயிலில் ஏறினால் முதுகில் பெரிய பையைச் சுமந்த வெளிநாட்டுப் பிள்ளைகளைக் காணலாம். ஹிக்கடுவைக்கோ மிரிஸ்ஸைக்கோ போகிறார்கள். வயது பத்தொன்பது, இருபதுதான் இருக்கும். இந்த வயதில் நாடு நாடாகச் சுற்ற இவர்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று எமது வீடுகளில் வியப்பதுண்டு. பலர் உழைத்துத்தான் வருகிறார்கள். அவுஸ்திரேலியாவில் பழத்தோட்டத்தில் சில மாதம், நியூசிலாந்தில் உணவகமொன்றில் சில மாதம், பிறகு பயணம். இதற்கென்றே ‘வேர்க்கிங் ஹொலிடே’ என்று ஒரு வீசா இருக்கிறது.

கைத்தொலைபேசியில் இந்தக் காணொளிகளைப் பார்க்கும் எமது மாணவியர் "நாங்களும் போகலாமா?" என்று கேட்கிறார்கள். கேள்வியில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் அதற்கு வீட்டில் கிடைக்கும் பதிலும் வெளியில் கிடைக்கும் பதிலும் இரண்டுமே பிள்ளைக்கு உதவாதவை என்பது என் அபிப்பிராயம். வீட்டில் "பேசாமல் இரு" என்கிறார்கள். வெளியில் ஒரு முகவர் "போகலாம், பணத்தைக் கட்டுங்கள்" என்கிறார்.

முதலில் உண்மை நிலையைச் சொல்லிவிடுகிறேன். இந்த வீசா நாட்டுக்கு நாடு செய்துகொள்ளும் உடன்படிக்கையால் வருவது. அவுஸ்திரேலியாவின் பட்டியலில், இதை எழுதும் வரை, இலங்கை இல்லை. இந்தியாவுக்கே 2024இல்தான் இடம் கிடைத்தது. அதுவும் ஆண்டுக்கு 1,000 பேர், குலுக்கல் முறையில், 18 முதல் 30 வயது வரை. தெரிவானாலும் ஆங்கிலத் தகைமை வேண்டும், உயர்கல்வி வேண்டும், கையில் 5,000 டொலர் அளவு சேமிப்பும் வேண்டும். இரண்டாம் ஆண்டும் தங்க விரும்பினால் தோட்டம், பண்ணை போன்ற குறிப்பிட்ட வேலைகளில் மூன்று மாதம் உழைத்துக் காட்ட வேண்டும். காணொளியில் கடற்கரைதான் தெரியும், குனிந்து பழம் பறிக்கும் இடுப்புவலி தெரியாது.

பிரித்தானியாவின் கதவு ஒரு காலத்தில் எமக்கும் திறந்திருந்தது. பொதுநலவாய நாடுகளின் இளைஞர் இரண்டு ஆண்டுகள் அங்கே தங்கி, சுற்றி, வேலையும் செய்ய ஒரு திட்டம் இருந்தது. அது 2008இல் மூடப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த திட்டத்தில் நாங்கள் இல்லை. மெல்பர்னில் பிறந்த சாச்சாவின் மகள் இதே வீசாவில் ஜப்பானுக்குப் போய் ஒரு வருடம் இருந்துவிட்டு வரலாம். வெள்ளவத்தையில் பிறந்தவளுக்கு அது முடியாது. இருவருக்கும் உம்மும்மா ஒருவர்தான், கடவுச்சீட்டின் நிறம்தான் வேறு. இது அநியாயம் என்று எனக்கும் படுகிறது. ஆனால் அநியாயத்தை அறிந்திருப்பவளை ஏமாற்றுவது கடினம்.

ஏனென்றால் இல்லாத கதவைத் திறந்து காட்டுபவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். காலி வீதியில் வெள்ளவத்தைச் சந்தையிலிருந்து பம்பலப்பிட்டி வரை நடந்தால் ஆங்கிலப் பரீட்சை வகுப்பு, மாணவர் வீசா, வெளிநாட்டு வேலை என்று பலகைக்கு மேல் பலகை. எல்லாரும் மோசக்காரர் என்று சொல்ல மாட்டேன். நேர்மையாக நடத்துபவர்களும் உண்டு. ஆனால் "சுற்றுலா வீசாவில் போங்கள், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்ற வாக்கியம் எந்த வாயிலிருந்து வந்தாலும் எழுந்து வந்துவிட வேண்டும். 2022இல் சுற்றுலா வீசாவில் ஓமானுக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சிக்கிய எமது நாட்டுப் பெண்களின் கதை பத்திரிகைகளில் வந்தது. படித்தவர்கள் ஏமாற மாட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? கணினி வேலை என்று தாய்லாந்து வழியாக மியன்மாரின் மியாவடிக்குக் கொண்டுபோய் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டவர்களில் எமது நாட்டின் படித்த இளைஞர்களும் இருந்தார்கள்.

பெற்றோர் சொல்லும் மறுப்பையும் பார்ப்போம். "இதெல்லாம் வெள்ளைக்காரர் பழக்கம்" என்பார்கள். இப்னு பதூதா 1325இல் தன் 21ஆவது வயதில் தஞ்சியரை விட்டுப் புறப்பட்டார். டில்லியில் காழியாக வேலை பார்த்தார், மாலைதீவிலும் காழியாக இருந்தார், 1344இல் எமது தீவுக்கு வந்து பாவா ஆதம் மலையிலும் ஏறினார். ஊர் சுற்றிக்கொண்டே உழைத்தவர்தானே அவர்! "அவர் ஆண்பிள்ளை" என்று அடுத்த பதில் வரும் என்பது தெரியும்.

மஹ்ரம் பற்றிய மார்க்கச் சட்டத்தை உலமாக்கள் பேசட்டும். அது என் தகுதிக்கு அப்பாற்பட்டது. நான் கேட்பது வேறு. கொழும்பில் ஒரு பிள்ளை படிக்கவோ பயிற்சிக்கோ வெளிநாடு போக விரும்பினால் குடும்பமே கூடி ஆலோசிக்கிறோம். அதே சமூகத்தில்தான் மூதூரிலிருந்து றிஸானா நபீக் 2005இல் சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாகப் போனார். அப்போது அவருக்கு வயது 17. கடவுச்சீட்டில் 23 என்று இருந்தது. பராமரிக்கக் கொடுக்கப்பட்ட குழந்தை இறந்தது. சட்டத்தரணி இல்லாமலே விசாரிக்கப்பட்டார். 2013 ஜனவரி 9ஆம் திகதி அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. உங்களில் பலர் அப்போது சிறு குழந்தைகள். உம்மாமாரிடம் கேளுங்கள், அந்த நாள் அவர்களுக்கு நினைவிருக்கும். தனியே போகக்கூடாது என்ற கவலை வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் உரியதா? அந்தப் பிள்ளையிடம் இருந்த ஒரே ஆவணத்திலேயே பொய் எழுதப்பட்டிருந்தது. அதைச் சரிபார்க்க எவரும் இருக்கவில்லை.

ஆகவே போவதா வேண்டாமா என்ற வாதத்தை விட, ஆயத்தம் என்றால் என்ன என்பதைப் பேசுவது பயன் தரும் என நினைக்கிறேன். பையில் எத்தனை உடுப்பு என்பது கடைசி விடயம். கடவுச்சீட்டிலும் பிறப்புச் சான்றிதழிலும் தேசிய அடையாள அட்டையிலும் பெயர் ஒரே எழுத்துக்கூட்டில் இருக்கிறதா? எமது வீடுகளில் பாதிமா, ஃபாத்திமா, பாத்திமா என்று ஒருத்திக்கே மூன்று பெயர். அதைத் திருத்தவே மாதங்கள் போகும். வேலைக்கென்றால் முகவருக்கு 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உண்டா, அந்த வேலைக்கே பணியகம் அனுமதி கொடுத்ததா என்று பார்க்க வேண்டும். 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்தே விசாரிக்கலாம். ஒப்பந்தத்தைத் தானே வாசிக்கத் தெரிய வேண்டும். திரும்பி வருவதற்கான டிக்கட் பணம், எவரும் தொடாத கணக்கில், அவள் பெயரில் இருக்க வேண்டும். இந்தக் கடைசி விடயத்தில் வாப்பாமார் கணக்குப் பார்க்கக்கூடாது. திரும்பி வர வழியிருக்கிறது என்று தெரிந்த பிள்ளைதான் சரியில்லாத இடத்தில் "மாட்டேன்" என்று சொல்வாள்.

உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வந்து பல்கலைக்கழகம் தொடங்கும் வரை நீண்ட காலம் சும்மா போகிறது. எமது வீடுகளில் அது கல்யாணப் பேச்சுக்கான காலம். பேசட்டும், பரவாயில்லை. அதே மாதங்களில் ஒரு பிள்ளை மொழியொன்று படிக்கலாம். கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் அரச உடன்படிக்கைகளின் கீழ் போகும் வழிகளில் மொழிப் பரீட்சைதான் முதல் படி. அவை விடுமுறை அல்ல, முழுநேர உழைப்பு என்பதையும் தெரிந்துகொண்டே படிக்கட்டும்.

எமது கல்லூரியில் இதற்கு ஒரு பிற்பகல் ஒதுக்கினால் நல்லது. உண்மையான ஒப்பந்தப் படிவமொன்றை எடுத்து, சம்பளம் எங்கே எழுதியிருக்கிறது, விடுமுறை எங்கே, கடவுச்சீட்டு யார் கையில் இருக்கும் என்று வரி வரியாக வாசிக்கலாம். ஆங்கில ஆசிரியையும் வர்த்தக ஆசிரியையும் சேர்ந்தால் இரண்டு மணித்தியாலம் போதும். பெற்றோரையும் அழைக்க வேண்டும். உம்மாமார் எப்படியும் வருவார்கள். வாப்பாமாருக்குத் தனியாக அழைப்புக் கடிதம் அனுப்ப வேண்டியிருக்கும்.