நாலு பேர் கண்ணுக்கா, நாம் ஏறும் ரயிலுக்கா?



"மெட்ராஸுக்குப் போறியா? நல்லதா ஒண்ணு எடுத்துக் கட்டிக்கிட்டுப் போ." கவரைப்பேட்டை, பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கத்து வீடுகளில் இந்த வார்த்தையைக் கேட்காத பெண் இருக்க மாட்டாள். அந்த 'நல்லது' எது என்பதில்தான் வீட்டுக்கு வீடு சண்டை. மாமியாருக்கு நல்லது, பெரிய பார்டர் வைத்த சேலை. மகளுக்கு நல்லது, ஜீன்ஸும் குர்தாவும். வீட்டுக்காரருக்கு நல்லது, எதிர்வீட்டுக்காரர் வாயைத் திறக்காத ஏதோ ஒன்று. போகிறவளுக்கு எது வசதி என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளியே போகும் பெண்ணின் உடையை அவள் போகும் வழிதான் தீர்மானிக்க வேண்டும். ரயில், படிக்கட்டு, கூட்டம், வெயில், திரும்பி வரும் நேரம் எல்லாவற்றையும் பார்த்து அவளே முடிவு செய்யட்டும். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நாலு பேருக்கு அதில் ஓட்டு கிடையாது.

எங்கள் லைனில் காலை நேர லோக்கல் ரயிலில் ஒருநாள் ஏறிப் பாருங்கள். கும்மிடிப்பூண்டியில் கிளம்பும் வண்டிக்கு கவரைப்பேட்டை அடுத்த ஸ்டேஷன் என்பதால் எங்களுக்கு உட்கார இடம் கிடைத்தாலும் கிடைக்கும். பொன்னேரியில் பெட்டி நிறைந்துவிடும். மீஞ்சூரில் கால் வைக்க இடமிருக்காது. அந்தப் பெண்கள் பெட்டியில் நீங்கள் பார்க்காத உடையே இருக்காது. கூடைக்காரம்மா சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகியிருப்பார். ஆபீஸ் போகிற பெண் இரண்டு தோளிலும் துப்பட்டாவுக்குப் பின் குத்தியிருப்பாள். கல்லூரிப் பிள்ளைகள் லெகின்ஸ், குர்தா. பர்தா போட்ட சகோதரிகள். கம்பெனி யூனிஃபார்ம் பேன்ட், சட்டையில் சிலர். பட்டுச்சேலையில் கல்யாணத்துக்குப் போகும் குடும்பம். ஒவ்வொருத்தி உடைக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் அவளுடைய வேலையிலும் வழியிலும் இருக்கிறது.

"பொம்பளைன்னா சேலைதான், அதுதான் நம்ம பண்பாடு" என்று சொல்பவர்களிடம் நான் ஒன்று கேட்பேன். வயலில் நாற்று நடும் பெண்களைப் பார்த்திருக்கிறீர்களா? சேலைக்கு மேலே வீட்டு ஆம்பளையின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். வெயில் சுடாது, கை கீறாது, முந்தானை சேற்றில் விழாது. ஒருத்தர்கூட அதைப் பண்பாட்டுக் குறைவு என்று சொன்னதில்லை. அந்தக் காலத்துப் பாட்டிமார் பின்கொசுவம் வைத்துக் கட்டியதும் அகலமாய்க் காலெடுத்து நடக்கத்தானே? இடுப்பில் செருகிய சுருக்குப்பை வேறு. ஆக, உழைத்த பெண்கள் எப்போதுமே வேலைக்கு ஏற்றபடிதான் உடுத்தியிருக்கிறார்கள். அந்தப் பாட்டியின் பேத்தி ரயில் ஏறுவதற்கு ஏற்றபடி உடுத்தினால் மட்டும் ஏன் கோபம் வருகிறது?

இதில் உயிர் விஷயமும் இருக்கிறது தோழிகளே. மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போகும்போது முந்தானையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்கி விழுந்த செய்தியை எத்தனை முறை படித்திருப்போம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123வது விதி இதற்காகவே இருக்கிறது. பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும் கால் வைக்கும் படியும் இருக்க வேண்டும், அவர் துணி சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பும் இருக்க வேண்டும் என்கிறது அந்த விதி. நாம் 'சேலை கார்டு' என்று சொல்கிறோமே, அதுதான். வண்டி வாங்கியதும் பார்க்க அழகாயில்லை என்று அதைக் கழற்றி வீசுகிற பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே உண்டு. வண்டியின் அழகுக்காகக் கார்டைக் கழற்றிவிட்டு, வீட்டு மானத்துக்காக ஆறடித் துப்பட்டாவைப் போடச் சொன்னால் நடுவில் மாட்டிக்கொள்வது யார்?

2021ல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் அங்கே லோக்கலை விட்டு இறங்கி மெட்ரோவில் மாறுகிறார்கள். அங்கே நகரும் படிக்கட்டு இருக்கிறது. தரையைத் துடைக்கிற மாதிரி சேலையோ பாவாடையோ கட்டிக்கொண்டு அதில் நிற்பது ஆபத்து. கரை ஒரு ஓரத்தில் மாட்டினால் போதும்.

2024 அக்டோபர் 11ஆம் தேதி இரவை எங்கள் ஊர் மறக்காது. மைசூரிலிருந்து தர்பங்கா போகும் பாக்மதி எக்ஸ்பிரஸ், கவரைப்பேட்டையில் நின்றிருந்த சரக்கு ரயில் மீது மோதி, பெட்டிகள் தடம் புரண்டன. பலருக்குக் காயம். கடவுள் புண்ணியத்தில் உயிர்ச்சேதம் இல்லை. பிளாட்பாரம் இல்லாத இடத்தில், இருட்டில், சாய்ந்து கிடந்த பெட்டிகளிலிருந்து ஜல்லிக்கல் மேல் இறங்க வேண்டிய நிலை. அப்படி ஒரு நேரத்தில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குதிக்க முடியுமா, ஓட முடியுமா என்பதுதான் கேள்வி. விபத்து தினமும் நடக்காது, வாஸ்தவம்தான். ஆனால் ஓடும் கூட்டத்தில் ஏறி இறங்குவது தினமும் நடக்கிறது.

அடுத்து, பெண் என்ன உடுத்த வேண்டும் என்று ஊர் சொல்வது எவ்வளவு மாறி மாறி வந்திருக்கிறது பாருங்கள். திருவிதாங்கூரில் ஒரு காலத்தில் சில சாதிப் பெண்கள் மேலாடை போடக் கூடாது என்று தடுத்தார்கள். தோள்சீலைப் போராட்டம் நடத்தி, 1859ல்தான் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமையைப் பெற்றார்கள். அன்றைக்கு 'மூடாதே' என்று மிரட்டியதும் ஊர்தான், இன்றைக்கு 'மூடு' என்று மிரட்டுவதும் ஊர்தான். 2018ல் ஆந்திராவில் மேற்கு கோதாவரி மாவட்டத்துத் தோகலப்பள்ளி என்ற கிராமத்தில், பகலில் நைட்டியோடு வெளியே வந்தால் 2000 ரூபாய் அபராதம், காட்டிக் கொடுப்பவருக்கு 1000 ரூபாய் பரிசு என்று ஊர்ப் பெரியவர்கள் விதி போட்டார்கள். காலையில் பால் வாங்க, தண்ணீர் பிடிக்க, பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்ற ஓடுகிற நமக்குத்தான் தெரியும், நைட்டி மேல் ஒரு துண்டு எவ்வளவு உதவி என்று!

நம் மாநிலத்திலும் கோயிலுக்கு இன்ன உடைதான் என்று 2015ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டு, 2016 ஜனவரி முதல் தேதி அது நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டிலேயே மேல் அமர்வு அதை ரத்து செய்துவிட்டது. 2019ல் தமிழக அரசு தன் பெண் ஊழியர்களுக்குச் சொன்ன உடையில் சேலையோடு, துப்பட்டாவுடன் சுடிதார், சல்வார் கமீஸும் இருந்தன. கோட்டையில் ஃபைல் பார்க்கும் பெண்ணுக்குச் சரியான சுடிதார், கவரைப்பேட்டை மருமகள் மார்க்கெட் போகும்போது மட்டும் எப்படித் தப்பாகும்?

"காலம் கெட்டுக் கிடக்கு, அடக்க ஒடுக்கமா உடுத்தினா ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்" என்று பெற்றவர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் எனக்கும் புரிகிறது, நானும் பெண் பிள்ளை பெற்றவள்தான். ஆனால் கூட்ட நெரிசலில் இடிக்கிறவன் உடையைப் பார்த்தா இடிக்கிறான்? சேலை கட்டிய ஐம்பது வயது அம்மாவையும் விடவில்லை, ஸ்கூல் யூனிஃபார்ம் போட்ட குழந்தையையும் விடவில்லை. தமிழ்நாட்டில் இதற்காக 1998லேயே தனிச் சட்டம் வந்தது. பஸ் நிறுத்தம், ரயில் நிலையம், கோயில், சினிமா தியேட்டர் என்று இடங்களை வரிசையாகச் சொல்லி, அங்கே பெண்ணைத் தொந்தரவு செய்வது குற்றம் என்கிறது. அவள் என்ன உடுத்தியிருந்தாள் என்ற கேள்வி அதில் இல்லை. ரயிலில் தொந்தரவு என்றால் 139, மற்ற இடங்களில் மகளிர் உதவிக்கு 181. பெண்ணுக்குத் துப்பட்டாவை மடித்துக் கொடுக்கும்போதே இந்த இரண்டு எண்களையும் சொல்லிக் கொடுங்கள்.

எங்கள் பக்கத்துத் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். டிப்ளமோ முடித்த பெண்ணுக்கு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. பேன்ட், சட்டை, ஷூ யூனிஃபார்ம். "ஆம்பளை மாதிரி மாட்டிக்கிட்டு பஸ் ஸ்டாப்புல நிக்கணுமா? நாளைக்கு யார் பொண்ணு கேட்டு வருவான்?" என்று அவள் பாட்டி பிடித்த பிடியில் அந்த வேலை போனது. அம்மாவும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண் இப்போது வீட்டில் இருக்கிறாள். ஓடும் இயந்திரத்தைச் சோதித்துச் சரிபார்க்கிற ஆண் தொழிலாளி உடம்போடு ஒட்டிய உடை அணிய வேண்டும், அதைத் தொழிற்சாலையே தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதினார்கள். தொங்கும் துணி இயந்திரத்தில் மாட்டினால் கை போகும் என்பதுதான் காரணம். பாதுகாப்புக்காகக் கொடுத்த உடையை மானக்கேடு என்று நினைத்து ஒரு பெண்ணின் சம்பளத்தை நிறுத்திவிட்டோம். இழப்பு யாருக்கு? பேசிய நாலு பேரில் ஒருத்தராவது அவள் வீட்டு மளிகைக் கடன் கட்டினாரா?

"அதுக்காக எதை வேணும்னாலும் மாட்டிக்கிட்டு எங்கே வேணும்னாலும் போகலாமா?" என்று சில தோழிகள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சாவு வீட்டுக்கு ஜரிகை மின்ன யாரும் போவதில்லை. கோயிலுக்கு, கோர்ட்டுக்கு என்று இடத்துக்கு ஒரு மரியாதை உண்டு. அதை நான் மறுக்கவில்லை. அந்த மரியாதை ஆணுக்கும் பொது என்றுதான் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை சிறுவாபுரி முருகன் கோயில் கூட்டத்தில் அரைக்கால் டவுசரோடு வரிசையில் நிற்கும் ஆம்பளையை யாரும் முறைப்பதில்லை. அவர் பக்கத்தில் துப்பட்டா இல்லாமல் ஒரு பெண் நின்றால் மட்டும் அத்தனை கண்ணும் அவள் மேல்!

சென்னைக்குப் போய் வருகிற தோழிகளுக்கு என் அனுபவத்தில் சில யோசனைகள்:

* வெயில் காலத்தில் பருத்திதான் நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பருத்திச் சேலை நனைந்தால் கனத்துக் காலைச் சுற்றும், சீக்கிரம் காயாது. அப்போது லேசான சிந்தெட்டிக் துணியே மேல்.

* சேலை கட்டினால் தரையிலிருந்து இரண்டு விரல் உயரம் விட்டுக் கட்டுங்கள். உள்பாவாடையும் அதற்கேற்ற உயரத்தில் இருக்கட்டும். முந்தானையை மடித்துப் பின் குத்தி, நுனியை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

* சுடிதார் தைக்கக் கொடுக்கும்போது பக்கவாட்டில் ஆழமாக ஒரு பாக்கெட் வைக்கச் சொல்லுங்கள். டெய்லர் கொஞ்சம் கூடக் கேட்டாலும் பரவாயில்லை. சீசன் டிக்கெட், செல்போன், சில்லறை பத்திரமாக இருக்கும். ஆண்கள் சட்டைக்குக் கேட்காமலே பாக்கெட் வைக்கிறார்கள், நாம் கேட்டால்தான் வைக்கிறார்கள்.

* வண்டியில் போகும்போது துப்பட்டாவைக் கழுத்தில் மாலை மாதிரித் தொங்கவிடாதீர்கள். இரண்டு முனையையும் பின்னால் முடிந்து, உட்காரும்போது அடியில் செருகிக்கொள்ளுங்கள். ஹெல்மெட் பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம்தான்.

* பின்பக்கம் வார் வைத்த செருப்பு நல்லது. வார் இல்லாத செருப்பு ரயில் படியில் நழுவும். ஹீல்ஸ் கட்டாயம் என்றால் பையில் வைத்து எடுத்துப் போங்கள்.

* ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் தாலிச் சங்கிலியை ரவிக்கைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். கல்யாண நகையை மண்டபத்தில் போய் மாட்டிக்கொள்ளலாம்.

* பையில் ஒரு மெல்லிய துண்டோ ஷாலோ எப்போதும் இருக்கட்டும். கோயிலில் போர்த்திக்கொள்ளவும், வெயிலில் தலைக்குப் போடவும், தூங்கும் குழந்தைக்கு விரிக்கவும் அது ஒன்றே உதவும்.

கடைசியாக என் வயதுத் தோழிகளுக்கு ஒரு வார்த்தை. நம்மை வாசலில் நிறுத்தி மேலும் கீழும் பார்த்தவர்கள் பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்கள்தான். அத்தை பார்த்தார், நாத்தனார் பார்த்தார். இப்போது அந்த இடத்தில் நாம் நிற்கிறோம். மகளோ மருமகளோ காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது "நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்று கேட்பதை விட்டுவிடுவோம். "ஏம்மா, ஏறி இறங்க வசதியா இருக்கா? சாப்பாடு எடுத்துக்கிட்டியா?" என்று கேட்போம். அவள் நிம்மதியாகப் போய் நிம்மதியாகத் திரும்புவாள்.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள் தோழிகளே? எழுதுங்கள்.

– ஒரு குடும்பத்தலைவி,
கவரைப்பேட்டை.